மணல் தெரியும் காலத்தில் காவிரி

சித்திரை பிறந்ததும் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக் கூட்டத்தின் முகமே மாறிவிடுகிறது. நேற்றுவரை புத்தகப் பையோடு நின்ற பிள்ளைகள் தலையில் தொப்பியும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக அப்பா, அம்மா, அத்தை, பாட்டி சகிதம் நிற்கிறார்கள். யாராவது ஒருவர் கையில் எவர்சில்வர் தூக்கு, இன்னொருவர் கக்கத்தில் சுருட்டிய பாய். முக்கொம்பு பஸ்ஸுக்கு ஒரு கூட்டம், கல்லணை பஸ்ஸுக்கு ஒரு கூட்டம், துறையூர் வழியாகப் புளியஞ்சோலை போகிறவர்கள் கொஞ்சம், சமயபுரத்துக்கு எப்போதும்போல் பெருங்கூட்டம். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து ஜூன் வரை பள்ளி மூடியிருக்கும் இந்த நாட்கள் தமிழ்க் கணக்கில் இளவேனில். புங்கமரங்கள் பளபளவென்று புதுத் தளிர் விட்டு, அடியில் பூவைக் கொட்டியிருக்கும். வேம்பு பூத்து ஓய்ந்திருக்கும், சரக்கொன்றை ஆரம்பித்திருக்கும். பதினோரு மணிக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியாது என்பதும் உண்மை. மே மாதத்தில் திருச்சி வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது ஊருக்குப் பழகிப்போன விஷயம். பூவும் இந்த வெயிலும் சேர்ந்ததுதான் எங்கள் இளவேனில்.

நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், இப்போது சென்னைவாசி. 2025 கோடை விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்தபோது ஒரு தீர்மானத்தோடு வந்தேன். அண்ணன் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பக்கூடிய இடங்களாகக் காவிரிக் கரையையும் அக்கம்பக்கத்துக் கிராமங்களையும் சுற்றுவது.

"ஆத்துல தண்ணி இல்லாதப்ப அங்க போயி என்னத்தப் பாக்கப் போற?" என்றாள் அம்மா.

ஊரில் எல்லோருமே இதைத்தான் கேட்கிறார்கள். தண்ணீர் ஓடும்போது காவிரியைப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதுவே கூப்பிடும். ஆனால் ஆறு எந்த இடத்தில் எதற்காகப் பிரிகிறது, எது மேடு, எது பள்ளம், எந்தக் கல் எதைத் தடுத்து நிற்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது மணல் தெரியும் இந்த மாதங்களில்தான். சென்னையில் குழாயைத் திருகித் தண்ணீர் பிடிக்கிற பிள்ளைகளுக்கு இதை ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

முதலில் முக்கொம்பு. திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டர், கரூர் சாலை. ஊரைத் தாண்டியதும் வாழை தொடங்குகிறது. உய்யக்கொண்டான் வாய்க்கால் சாலையைத் தொட்டும் விலகியும் கூடவே வருகிறது. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, ஏலக்கி, மொந்தன் என்று அண்ணன் மகன் தாரையும் இலையையும் பார்த்தே ரகம் சொல்லிக்கொண்டு வந்தான். என் சின்னவன் அதுவரை வாழைப்பழத்தில் மஞ்சள், பச்சை என்று இரண்டு ரகம்தான் உண்டு என்று நினைத்திருந்தவன். தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை 1993ல் திருச்சியில் அமைத்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை, இந்த ஒரு சாலையில் போய்வந்தால் போதும்.

ஏழு மணி சுமாருக்கு முக்கொம்பில் இறங்கினோம். காணும் பொங்கலன்று இங்கே நிற்க இடம் இருக்காது. சித்திரையில் காலை நேரத்தில் ஆள் குறைவு. பூங்காவில் ஊஞ்சலும் சறுக்கு மரமும் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்தன. அதற்குப் பிறகு கதவணைப் பக்கம் நடந்தோம்.

மேற்கே ஒரே ஆறாக, அகண்ட காவிரியாக வருவது இங்கே இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். நடுவில் சிக்கிய நிலம்தான் ஸ்ரீரங்கம் தீவு. குடிநீருக்காக மேட்டூரிலிருந்து விடுகிற தண்ணீர் காவிரிப் பக்கம் ஓர் ஓரமாக, கணுக்கால் ஆழத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கொள்ளிடம் பக்கம் கண்ணுக்கு எட்டியவரை மணல். ஷட்டர்களுக்குக் கீழே ஆற்றின் தரை அப்பட்டமாகத் தெரிந்தது. வெள்ளக் காலத்தில் அங்கே எட்டிப் பார்க்கவே பயமாக இருக்கும்.

அணையில் வேலை பார்க்கும் லஸ்கர் ஒருவர் நிழலில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏன் தாத்தா, எல்லாத் தண்ணியும் காவிரிக்கே போவுது? இந்தப் பக்கம் ஏன் விடல?" என்று பெரியவள் கேட்டாள்.

"இந்தப் பக்கம் நாங்க விடவே வேணாம் பாப்பா. கதவைத் தொறந்தா போதும், அதுவா ஓடிரும். கொள்ளிடம் பள்ளம். காவிரி மேடு. காவிரிக்குப் போவச் சொல்றதுக்குத்தான் இவ்வளவு வேலையும்."

தஞ்சை மாவட்டத்தின் சரித்திரத்தில் பாதி இந்தப் பதிலில் இருக்கிறது. கொள்ளிடத்தின் பாதை நேரானது, சரிவும் அதிகம். காவிரியின் வாய் மணல் மேடிட்டுப் போனதால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீர் பெரும்பாலும் கொள்ளிடத்திலேயே விழுந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. அதைத் தடுக்கப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836ல் கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கே கட்டத் தொடங்கியதுதான் முக்கொம்பு மேலணை. கொள்ளிடத்துக்குள் விழுகிற தண்ணீரைத் தடுத்து உயர்த்தி, காவிரியின் வாய்க்குள் போக வைப்பது அதன் வேலை. பிறகு காவிரிக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் போகத் தொடங்க, காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்ட வேண்டிவந்தது. ஓர் ஆற்றைப் பங்கு போடுவது ஒரே நாளில் முடிகிற காரியமல்ல என்பதை இந்த இடத்தில் நின்றால்தான் முழுதாக உணர முடியும்.

180 ஆண்டுகளைக் கடந்து நின்ற அந்த அணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்ட் 22 அன்று வெள்ளத்தில் இடிந்து விழுந்தன. அப்போது நான் சென்னையில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அழுதேன், அது இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் விவசாயி இல்லை. ஆனாலும் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவளுக்கு முக்கொம்பு இடிவது சொந்த வீட்டுச் சுவர் இடிவதுதான். அதே மாத வெள்ளத்தில்தான் 1928ல் கட்டிய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. இப்போது சுமார் 387 கோடி ரூபாயில் புதிய கதவணை கட்டியிருக்கிறார்கள். கீழே மணலில் இறங்கி நின்று, பழையதையும் புதியதையும் ஒரே பார்வையில் பிள்ளைகள் பார்த்தார்கள். ஆடியில் வந்திருந்தால் நுரையைத்தான் பார்த்திருப்பார்கள்.

அதன் பிறகுதான் அன்றைய பெரிய காரியம் நடந்தது. அண்ணன் பிள்ளைகளுக்கு ஊற்றுத் தோண்டத் தெரியும், என் பிள்ளைகளுக்குத் தெரியாது. கரையோரமாக, ஆட்கள் நடமாடும் இடமாகப் பார்த்து நால்வரும் மண்டி போட்டார்கள். மேலே இருப்பது வெளுத்த, விரலிடுக்கில் நழுவுகிற மணல். ஒரு சாண் போனதும் ஈரம் தட்டுகிறது, நிறம் கறுக்கிறது. முழங்கை ஆழத்தில் பக்கவாட்டு மணல் சரியத் தொடங்கியது. சரிவதை வழித்து வழித்து வெளியே போட வேண்டும், வாயை அகலமாக்கிக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் குழி மூடிக்கொள்ளும். பெரியவள் அவசரப்பட்டாள். "நெட்டாத் தோண்டாத, சரிவாத் தோண்டு" என்று அண்ணன் மகள் அதட்டினாள். திடீரென்று குழியின் அடியில் மணல் மினுமினுத்தது. ஓரத்திலிருந்து கசிவு வந்து, ஒரு தம்ளர் அளவுக்குக் கலங்கல் தண்ணீர் சேர்ந்தது. கையால் இறைத்து வெளியே ஊற்றினார்கள். மறுபடி ஊறியது. இன்னொரு முறை இறைத்தார்கள். அடுத்து ஊறிய தண்ணீரில் மணல் துகள் ஒவ்வொன்றும் தெரிந்தது. சின்னவன் கையை உள்ளே விட்டு, "ஜில்லுன்னு இருக்கும்மா!" என்று கத்தினான்.

"அப்ப ஆறு மணலுக்கு அடியில ஓடிட்டுத்தான் இருக்கா?" என்று கேட்டாள் பெரியவள்.

ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. திருச்சி மாநகரம் குடிப்பது இந்த ஆற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகளின் தண்ணீரை. கம்பரசம்பேட்டை நீரேற்று நிலையத்தைக் கரூர் சாலையில் வரும்போதே பார்த்திருந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் போகிற காவிரித் தண்ணீரும் திருச்சிப் பக்கத்து ஆற்றுப் படுகையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்து, வடிகட்டி, வெயிலில் ஆவியாகாமல் காத்துக் கொடுப்பது மணல். அந்த மணலைத்தான் லாரி லாரியாக அள்ளினோம். பல இடங்களில் ஊற்று முன்னைவிட ஆழத்துக்குப் போய்விட்டது. அள்ளிய இடத்தில் நின்ற பள்ளங்கள், தண்ணீர் வந்ததும் மேலே ஒன்றும் தெரியாமல் நிரம்பிவிடுகின்றன. வெள்ளக் காலத்தில் குளிக்க இறங்கிய பிள்ளைகளை அந்தப் பள்ளங்கள் இழுத்துக்கொண்ட செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். ஆகவே குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது இது: தண்ணீர் இல்லாதபோதே பிள்ளைகளை அழைத்து வந்து அந்தப் பள்ளங்களைக் காட்டுங்கள். "ஆழம் இருக்கு, போகாதே" என்று ஆயிரம் முறை சொல்வதைவிட, தன் உயரத்துக்கு மேல் இருக்கும் ஒரு குழியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்த பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிடும்.

லஸ்கர் சொன்ன இன்னொரு விஷயமும் பெரியவள் மனதில் ஒட்டிக்கொண்டது. மேட்டூர் அணை 1934ல் வந்ததிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அணையில் இருப்பு இல்லாத ஆண்டுகளில் அது தள்ளிப்போகும். திறந்த தண்ணீர் கல்லணை வந்து சேர மூன்று நாள் ஆகலாம். "அப்ப ஸ்கூல் தொறந்தப்புறம்தான் தண்ணி வருமா?" என்றாள். ஆமாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு லீவு இருக்கும்போது ஆறு இருக்காது, ஆறு வரும்போது லீவு இருக்காது.

மர நிழலில் பாயை விரித்து அம்மா கட்டி எடுத்துவந்ததைப் பிரித்தோம். புளியோதரை, தயிர்சாதம், மாவடு, வத்தல். மாவடுவைக் கடித்தபடியே அம்மா ஜீயபுரத்துக் கதையைச் சொன்னாள். முக்கொம்புக்கு வரும் வழியில் நாங்கள் தாண்டி வந்த ஊர்தான் ஜீயபுரம். அங்கே ஒரு பாட்டிக்கு ரங்கன் என்று ஒரே பேரன். முடி திருத்திக்கொள்ளப் போனவனைக் காவிரி வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பாட்டி அரங்கனை நினைத்துக் கதற, பெருமாளே பேரன் உருவில் முடி திருத்திய முகத்தோடு வந்து, அவள் வைத்திருந்த பழைய சோற்றையும் மாவடுவையும் சாப்பிட்டாராம். சாப்பிட்டு முடிக்கும்போது நிஜப் பேரனும் கரையேறி வந்து சேர்ந்தானாம். அதை நினைவில் வைத்து, பங்குனி ஆதி பிரம்மோற்சவத்தின்போது ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாள் கோயிலை விட்டுக் கிளம்பி, காவிரியைக் கடந்து ஜீயபுரம் ஆஸ்தான மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார். பாட்டி இட்ட பழைய சோறும் மாவடுவும் இன்றும் அங்கே அவருக்குப் படைக்கப்படுகின்றன.

"சாமிக்கும் லீவு விட்டாச்சா பாட்டி?" என்றான் சின்னவன். அம்மா அவன் கன்னத்தைக் கிள்ளினாள். ராஜ உபசாரத்தில் இருக்கிற பெருமாள் பங்குனி வெயிலில் கிராமத்துக்குப் போய்ப் பழைய சோறு சாப்பிட்டுவிட்டு வருகிறார் என்பதை எங்கள் ஊரார் எத்தனை தலைமுறையாகக் கொண்டாடி வருகிறார்கள்! ஸ்ரீரங்கத்துத் திருவிழாக்களிலேயே எனக்கு மிக நெருக்கமானது இந்த ஒரு நாள்தான். பங்குனியில் பரீட்சை சமயம் என்பதால் பிள்ளைகளை அழைத்துவர முடிவதில்லை என்பது என் மனக்குறை.

அடுத்துப் போனது வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, ஸ்ரீரங்கத்திலிருந்து எட்டிவிடும் தூரம். மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுமார் 25 ஏக்கர். 2015 நவம்பரில் திறந்தார்கள். இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளை அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். கோடையில் எண்ணிக்கை குறையும், மழைக்குப் பின்தான் கூட்டம் கூட்டமாகப் பறக்கும். அதனால் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும், இளவெயிலில் சிறகு காயவைக்கிற நேரம் அது. நடைபாதையில் செயற்கைப் பொம்மைகளின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். எங்களுக்கு அங்கே வாய்த்தது ஒரு கறிவேப்பிலைச் செடி.

அண்ணி செடி வளர்ப்பில் கைதேர்ந்தவள். இலையைப் புரட்டிப் பார்த்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். இலைமேல் ஒரு பறவை எச்சம். பழுப்பில் வெள்ளைத் திட்டு, ஈரப் பளபளப்பு. "உத்துப் பாருங்க" என்றாள். எச்சம் மெல்லத் தலையைத் தூக்கியது. கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. சின்னதாக இருக்கும்வரை பறவைகள் கொத்தாமலிருக்க எச்சத்தின் வேஷம். வளர்ந்த பிறகு இலையின் பச்சைக்கு மாறிவிடும். அடுத்த கிளையில் பச்சைப் புழு ஒன்றும் இருந்தது. அண்ணன் மகன் புல் நுனியால் லேசாகத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு சட்டென்று நீண்டு, ஒரு காட்டமான வாசனை அடித்தது. பிள்ளைகள் நால்வரும் ஒரே நேரத்தில் பின்னால் துள்ளினார்கள். வீடு திரும்பியதும் கொல்லையில் இருக்கிற கறிவேப்பிலையை இலை இலையாகப் புரட்டிவிட்டார்கள். எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் முட்டையிடும் என்று கேள்விப்பட்டதும், கொள்ளிடக் கரையின் எருக்கம்புதர் ஒவ்வொன்றும் அவர்களுக்குப் பார்க்க வேண்டிய இடமாகிவிட்டது. ஸ்ரீரங்கம் வீடுகளின் கொல்லையில் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் இருந்தவரை இந்தப் பூச்சிகளுக்குத் தனியாகப் பூங்கா தேவைப்படவில்லை. கொல்லைகள் அடுக்குமாடியான பிறகு தேவைப்படுகிறது. இந்தப் பூங்காவை நன்றாக வைத்திருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

புளியஞ்சோலை போனதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொல்லிமலை அடிவாரம், துறையூர் வட்டம், திருச்சியிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். மலையிலிருந்து இறங்கி வரும் அய்யாறு பாறை இடுக்குகளில் முழங்கால் அளவுக்கு இருந்தது. பிள்ளைகள் ஆசை தீரக் குளித்தார்கள். குரங்குகள் பையைப் பறிக்கப் பார்க்கும், பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகவேண்டாம்.

அதே துறையூர்ச் சாலையில் ஸ்ரீரங்கத்துக்குப் பக்கமாகவே இருக்கிறது திருவெள்ளறை. பெருமாள் கோயில் நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. வெண்பாறை மேல் உயர்ந்து நிற்கும் அதன் முற்றுப்பெறாத கோபுரத்தையும் கோட்டைபோன்ற மதிலையும் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகளை நான் வெளியே இருக்கும் கிணற்றுக்கு அழைத்துப் போனேன். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், இன்றைக்கு 1200 ஆண்டுகளுக்கு முன்பு, ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன் என்பவர் வெட்டுவித்தது. மார்ப்பிடுகு பெருங்கிணறு என்று பெயர். நான்கு பக்கமும் படி இறங்கி, ஒவ்வொரு படிவரிசையும் ஒரு திருப்பம் திரும்பி நடுக்கிணற்றுக்குப் போவதால், மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திகம். ஒரு வாசலில் இறங்கியவர் இன்னொரு வாசலில் இருப்பவர் கண்ணில் படமாட்டார். வெளியே வேலி போட்டிருப்பதால் சுற்றி நின்றுதான் பார்க்க முடிந்தது. ஆனாலும் பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் நின்று எட்டிப் பார்த்து, யார் எங்கே மறைவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் எடுக்க ஊரே வந்துபோகிற இடத்தில், ஒருவருக்கொருவர் இடையூறு இல்லாமல் இருக்க 1200 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் யோசித்திருக்கிறார்.

திரும்பும் வழியில் சாலையோரம் நுங்கு. வெட்டுகிறவர் காயை இடது உள்ளங்கையில் உருட்டி, அரிவாளால் மூன்றே சீவில் மேல் மூடியை எடுத்து, கண்ணில் பெருவிரலை விட்டுப் பிதுக்கி நீரோடு வாயருகே நீட்டினார். இளநுங்கின் தோலை உரிக்கக்கூடாது, அப்படியே விழுங்க வேண்டும். வேர்க்குருவுக்குத் தோலைத் தேய்க்கச் சொல்லி ஒரு கை அள்ளியும் கொடுத்தார். தின்று போட்ட இரண்டு குடுக்கைகளைக் குச்சியில் கோத்து, கவைக்கொம்பு மாட்டி அண்ணன் நுங்கு வண்டி செய்துகொடுத்தான். அன்று மாலை சித்திரை வீதியில் அந்த வண்டி ஓடாத இடமில்லை.

அந்த வீதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் கிராமத்தைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த அதே நாட்களில் கிராமம் ஸ்ரீரங்கத்தைப் பார்க்க வந்துகொண்டிருந்தது. சித்திரைத் தேர், விருப்பன் திருநாள். டில்லி சுல்தானியப் படையெடுப்புக்குப் பிறகு கோயில் மறுபடி தலையெடுத்தபோது, விஜயநகர இளவரசர் விருபாட்சர் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொன்னும் கிராமங்களும் கொடுத்து நடத்தியதால் அந்தப் பெயர். வைகுண்ட ஏகாதசிக்கு வருவது நாடு முழுவதிலிருந்தும். சித்திரைத் தேருக்கு வருவது திருச்சி, பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்கள். அறுவடை முடிந்த கை. நெல்லும் தானியமும் தேங்காயும் காணிக்கையாக, சிலர் கன்றுக்குட்டியோடுகூட வருவார்கள். முதல் நாள் ராத்திரியே வந்து வீதியில் துணி விரித்துப் படுத்துவிடுவார்கள். தூக்கம் வராதவர்கள் கும்மியடிப்பார்கள், பாடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக்களைந்த மாலை வந்து சேரும். விடிந்து தேர் அசையும்போது "ரங்கா ரங்கா" என்று எழுகிற குரலில் பட்டணத்துக் குரலைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் வாசல் திண்ணையில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. லால்குடிக்கு வடக்கே ஏதோ ஊர். அந்த வீட்டுப் பாட்டி என் பெரியவளிடம், "ஒனக்கு எந்த ஊரு ஆயா?" என்று விசாரித்துவிட்டு மடியிலிருந்து கம்பு உருண்டை எடுத்துக் கொடுத்தாள். அம்மா மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் நுங்கு வண்டியை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். அவர்களுக்கு இதுதான் வருஷத்தில் ஒரு வெளியூர்ப் பயணம். சமயபுரம் சித்திரைத் தேருக்கு மஞ்சள் துணி கட்டி, நீர்மோர்ப் பந்தல்களில் நின்று நின்று, பல மாவட்டங்களிலிருந்து நடந்தே வருகிற குடும்பங்களுக்கும் அப்படித்தான். ரிசார்ட், தீம் பார்க் எல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் ஜனங்கள் பிள்ளை குட்டிகளோடு, கட்டுச்சோற்றோடு வெளியே கிளம்பத் தேரும் ஆறும் காரணமாக இருந்திருக்கின்றன. கல்கி தன் பொன்னியின் செல்வனை ஆடிப்பெருக்கு நாளில், குடும்பம் குடும்பமாக ஜனங்கள் நீர்க்கரைக்கு வருகிற காட்சியோடு தொடங்கியதில் ஆச்சரியமில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் கல்லணை. திருவானைக்காவிலிருந்து தீவுக்குள்ளேயே உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகப் போகிற சாலையைத் தேர்ந்தெடுத்தோம். நெடுஞ்சாலை வேகத்துக்குப் பழகியவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும். வாழை, தென்னை, கரும்பு, நடுவே வாய்க்கால் மதகில் உட்கார்ந்து பேசுகிற பெரியவர்கள். ஒரு பக்கம் காவிரிக் கரை, மறுபக்கம் கொள்ளிடக் கரை, கிழக்கே போகப் போக இரண்டும் நெருங்குவது தெரியும்.

முக்கொம்பில் பிரிந்த இரண்டு ஆறுகளும் கல்லணையில் மறுபடி கைநீட்டித் தொடுகிற தூரத்துக்கு வருகின்றன. இங்கேயும் கொள்ளிடம்தான் பள்ளம். விட்டால் காவிரி அதற்குள் சரிந்துவிடும். அந்த இடத்தைக் கல்லால் அடைத்தவன் கரிகாலன். 1080 அடி நீளத்துக்கு, பெரும்பாறைகளை மணலில் புதையவிட்டு, புதைந்ததன்மேல் மறுபடி அடுக்கி, இடையில் களிமண் பூசி, ஆற்றின் போக்குக்குத் தகுந்தபடி வளைத்துக் கட்டிய அணை. சுமார் 2000 ஆண்டுகள். ஆற்று மணலில் ஆழம் காண முடியாத இடத்தில் அஸ்திவாரம் போடுவது எப்படி என்பதைக் காட்டன் இங்கே கற்றுக்கொண்டார். அந்தப் பாடத்தைப் பிறகு கோதாவரியில் தவளேஸ்வரத்திலும் பயன்படுத்தினார். இன்று மேலே தெரிவது பிற்காலத்து மதகுகளும் பாலமும். பழைய கல் கீழே. தண்ணீர் இல்லாததால் பிள்ளைகளுக்கு அதையும் காட்ட முடிந்தது. காவிரி, வெண்ணாறு, 1934ல் வந்த புது ஆறு, கொள்ளிடம் என்று நான்கு வாய்களையும் எண்ணி, மணற்போக்கி எது என்று விசாரித்து, பெரியவள் நோட்டில் படம் போட்டுக்கொண்டாள். முக்கொம்பில் லஸ்கர் சொன்னதை இங்கே அவளே தம்பிக்கு விளக்கினாள். அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. சின்னவன் மணிமண்டபத்தில் யானைமேல் உட்கார்ந்திருக்கும் கரிகாலனைப் பார்த்துவிட்டு, மசாலா தடவிச் சுடச்சுடப் பொரித்த மீனைத் தேடிப் போய்விட்டான்.

ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்ததையும், 15ஆம் தேதி கல்லணையில் மதகு தூக்கியபோது விவசாயிகள் பூவும் விதைநெல்லும் தூவியதையும் பிள்ளைகள் சென்னையில் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். "அந்த மதகு! நாம நின்ன இடம்!" என்று வீடே அதிர்ந்தது. 2022ல் மேட்டூர் அணை கிட்டத்தட்ட நிறைந்துபோய் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். கோடை விடுமுறைக்குள்ளேயே காவிரி திருச்சிக்கு வந்தது. அப்படி அமைவது அபூர்வம். ஆகவே திருச்சி, தஞ்சை, கரூர் மாவட்டங்களின் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மேட்டூர்த் தண்ணீர் முக்கொம்பைத் தொடுகிற அன்று காலை அரை நாளாவது பிள்ளைகளை விடுங்கள். முடிந்தால் ஆசிரியர்களே கரைக்கு அழைத்துப் போகட்டும். ஈர மணலை நனைத்துக்கொண்டு, குப்பையும் சருகும் நுரையுமாக, ஒரு முழ உயரத்தில் முதல் தண்ணீர் நடந்து வருவதை ஒரு பிள்ளை ஒருமுறை பார்த்துவிட்டால் புவியியல் பாடத்தில் காவிரிக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. வருஷத்தில் எத்தனையோ காரணங்களுக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறோம். இதற்கும் விடலாம்.

2025ல் ஆடிப்பதினெட்டு ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெள்ளி இரவு ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் எழும்பூரிலிருந்து டிக்கெட் எடுத்திருந்தேன், ஸ்ரீரங்கத்திலேயே நிற்கும். காவிரிக் கரையின் அம்மா மண்டபத்தில் கூட்டம் தாங்காது என்பதால் விடியுமுன் படித்துறைக்குப் போய் மஞ்சள், காதோலை கருகமணி, காப்பரிசி வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்று அண்ணி சொல்லியிருந்தாள். பெரியவளுக்கு அதற்கு முன்னால் முக்கொம்பு போயாக வேண்டுமாம். சனிக்கிழமை காலையே கூட்டிப்போவதாக அண்ணன் ஒப்புக்கொண்டிருந்தான்.